சின்ன மாஸ்டர் தர மறுத்த ஷூ

அருகப் பெருமானை வணங்கித் தொடங்குகிறேன். பிள்ளைகளே, நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி மண்டியில் உட்கார்ந்தவன். எழுத்தில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நீங்கள் லீவுக்கு வந்தால் உங்கள் பந்துக்குக் காற்றடித்துக் கொடுப்பவராகத்தான் அவரை உங்களுக்குத் தெரியும். அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பெரியப்பா பிறந்தது செஞ்சியில், வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் நம் சமண நயினார் வீட்டில், எனக்கு மூத்தவராக. உங்கள் தாத்தாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு இரண்டு விஷயத்தில் மறுபேச்சு கிடையாது. மூத்த பிள்ளை மண்டியைப் பார்க்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அதன்பின் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. இரண்டாவதைப் பெரியப்பா கடைசி வரை காப்பாற்றினார். முதலாவதுதான் முடியவில்லை. கல்லூரியில் கூடைப்பந்து பிடித்துப்போய், உடற்கல்விப் படிப்பும் முடித்து, அதே கல்லூரி அணிக்குத் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டார்.

அது என்ன வேலை என்று நைனா கேட்டார். கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, சுளுக்கு நீவுவது, எதிரணியின் ஆட்டத்தைக் கவனித்துத் தலைமைப் பயிற்சியாளரான பெரிய மாஸ்டரிடம் சொல்வது என்றார் பெரியப்பா.

"அப்போ யாரு ஆடணும், யாரு உக்காரணும்னு நீ சொல்ல மாட்டே?"

"அது பெரிய மாஸ்டர் சொல்லுவாரு நைனா."

"பின்ன உன்ன இன்னாத்துக்குடா மாஸ்டருங்கறாங்க?"

மாணவர்கள் அவரைச் சின்ன மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை நிரந்தரமில்லை. பெரிய மாஸ்டர் சொன்னால் அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பார்கள், அவ்வளவுதான். சில வருடங்கள் இப்படியே போயின. நைனா பொறுத்துப் பார்த்து முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த வருசம் நிரந்தரம் பண்ணலன்னா மண்டிக்கு வந்துடு." பெரியப்பா தலையாட்டினார். இந்த முறை தாமே நிர்வாகத்திடம் பேசுவதாகப் பெரிய மாஸ்டரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஆண்டுதான் நம் ஊரில் கூடைப்பந்துப் பந்தயம் நடந்தது. பெரியப்பாவின் கல்லூரி அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஜனம் செஞ்சி வழியாகத்தானே போகும், நின்று பார்க்கும் என்று கணக்குப் போட்டு, இறுதி ஆட்டத்தை அமாவாசையன்று வைத்தார்கள் நம் ஊர்க்காரர்கள். ஜனம் நின்றது. ஆனால் பஸ்ஸையெல்லாம் மலையனூருக்குத் திருப்பிவிட்டார்கள். எதிரணி தாமதமாக வந்தது. முந்தின நாள் சொந்த ஊருக்குப் போயிருந்த பெரிய மாஸ்டர் இன்னும் வந்து சேரவில்லை. மைதானத்தில் விளக்கு கிடையாது. நம் ஊரில் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் பிறகு வெளிச்சத்தை நம்ப முடியாது. நடுவர் விசிலை ஊதிவிட்டார். முதல் தடவையாகப் பெரியப்பா தனியாக அணியை நடத்தினார்.

நைனாவும் வந்திருந்தார். அணியின் பெஞ்சுக்குப் பின்னாலேயே எங்களுக்கு இடம். "கொஞ்ச நேரம் பாத்துட்டு சாப்பாட்டுக்குக் கெளம்பிடலாம்" என்றார் என்னிடம்.

நம் அணியில் முருகேசன் என்று ஒருவர். அவலூர்பேட்டைப் பக்கம் நிலமில்லாத கூலிக் குடும்பம். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை. போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு ஓட்டத் தேர்வுக்காகக் காத்திருந்தார். அணிக்குப் பாதிப் புள்ளிகள் அவரால்தான் வரும். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், எகிறிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கும்போது எதிராளியின் பாதத்தில் மிதித்து, கணுக்கால் மடங்கி விழுந்தார்.

பெரியப்பா தூக்கிவந்து பெஞ்சில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, எலும்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் அதற்குள் ஏறிவிட்டது.

"வலிக்கல மாஸ்டர். கட்டிவுடுங்க, ஆடறேன்."

"வலிக்கலன்னு மூஞ்சியே சொல்லுது. உக்காருடா."

கழற்றிய ஷூவைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முருகேசன் இல்லாமல் முன்னிலை கரைந்தது. கூட்டம் சும்மா இருக்குமா?

"இன்னா சின்ன மாஸ்டரே, ஷூவுக்குக் காவலா?"

"அப்டியே மடியில போட்டுத் தாலாட்டு பாடு."

நைனா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மலை நிழல் மைதானத்தில் பாதியை மூடிவிட்டது. "நைனா, பொழுது சாயுது, சாப்பாட்டுக்குப் போலாமா?" என்றேன். "உக்காருடா" என்றார்.

அந்த நேரத்தில்தான் பெரிய மாஸ்டர் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் நசுங்கிப் பாதி வழி நடந்து வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகளே. முருகேசன் விழுந்ததை அவர் பார்க்கவில்லை. அணி ஒரு கூடை பின்தங்கியிருப்பதைத்தான் பார்த்தார்.

"முருகேசன் ஏன் வெளிய இருக்கான்?"

"கணுக்கால் மாஸ்டர். எலும்புல பட்டிருக்கும்னு தோணுது."

"முடியப்போவுது. கொஞ்ச நேரந்தான, இறுக்கிக் கட்டி எறக்கு."

"வேணாம் மாஸ்டர்."

முருகேசன் ஒற்றைக் காலில் எழுந்தே விட்டார். பெரிய மாஸ்டர் கையை நீட்டினார். "அந்த ஷூவக் குடுய்யா."

பெரியப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "குடுக்க மாட்டேன் மாஸ்டர். மன்னிச்சிக்குங்க."

"அப்புறம் உனக்காக நான் எப்படிப் போய்ப் பேசறது? யோசிச்சிக்க."

"யோசிச்சிட்டேன் மாஸ்டர்."

பின்னால் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. நைனாவுக்கும் கேட்டிருக்கும். ஷூ மடியை விட்டு நகரவில்லை. அந்த ஒரு கூடையில்தான் தோற்றோம்.

ஜனம் கலைந்தது. நைனா எழுந்து என்னிடம், "மண்டி வண்டியப் பூட்டிக் கொண்டா" என்றார். முருகேசனை அதில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம். எலும்பில் கீறல் விழுந்திருந்தது. இன்னும் ஒரு தடவை குதித்திருந்தால் விலகியிருக்கும் என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார் டாக்டர்.

வீட்டில் அம்மா சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தார்கள். பொழுது போய்விட்டதால் நாங்கள் யாரும் தொடவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு மாலைச் சாப்பாட்டையும் தவறவிடாதவர் நைனா.

"வேல போயிடுமா?" என்று பெரியப்பாவைக் கேட்டார்.

"போனாலும் போவும் நைனா."

"போனா மண்டி இருக்குது. போவலன்னா அங்கயே இரு. யாரு உக்காரணும்னு நீதான் சொல்றியே."

அந்த ஆண்டு நிரந்தரம் ஆகவில்லை. பெரிய மாஸ்டர் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மாவுக்கட்டைப் பார்த்த பிறகு வேலையை நீட்டிக்கச் சொன்னவரும் அவர்தான். நிரந்தரம் பின்னால் வந்தது. பெரிய மாஸ்டர் ஆகும் வாய்ப்பு மட்டும் வரவேயில்லை. சின்ன மாஸ்டராகவே இருந்தார். மண்டிக்கு வா என்று நைனா மறுபடி ஒரு நாளும் கூப்பிடவில்லை.

மஞ்சள் காமாலை அவரைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த பெரியம்மாவுக்கும், வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கட்டிலருகில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பேசிக்கொண்டிருந்த பெரிய மாஸ்டருக்கும், முறை வைத்து வந்து பார்த்துக்கொண்ட மாணவர்களுக்கும் நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முருகேசன் இப்போது போலீஸில் இருக்கிறார். லீவு போட்டு ஓடி வந்தார். வீட்டிலிருந்து சுடுகாடு வரை பாடையை வேறு யாருக்கும் தோள் மாற்றிக் கொடுக்கவில்லை. நான் பின்னால் அவர் கணுக்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆண்டு நிறைவன்று ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் இறங்குமுன் பந்தி நடக்கும். நைனாவே வாசலில் நின்று கூப்பிடுவார். உறவினர்களும் நண்பர்களும் நேரத்தோடு வந்துவிட வேண்டும். யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது நைனா சொன்னது. அந்த ஆட்டத்தன்று நாங்கள் கிடந்த பட்டினி எங்களோடு போகட்டும்.