ஒரு கரண்டி தாளிப்பு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலையில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தது இது. என் கணவர் பட்டு நெய்கிறவர். தறியைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நான் டிபன் செய்து போடுவேன்.

அன்றைக்கு வந்தவர் ஒரு பிரான்ஸ் நாட்டு அம்மா. காஞ்சிபுரம் இட்லி வெந்துகொண்டிருந்தது. அவரை அழைத்து வந்த கார் டிரைவர் தம்பி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இவங்களுக்குக் கடுகு சுத்தமா ஆவாதாம். மூச்சு அடைச்சிக்குமாம். எதுலயாவது இருக்குதா?"

"எதுலயும் இல்லபா. இட்லியில மிளகு, சீரகம், சுக்கு. சட்னியில தேங்காய், பொட்டுக்கடலை. தைரியமா சாப்பிடச் சொல்லு."

சொன்ன நேரத்தில் அது பொய்யில்லை. டிரைவர் தம்பி வண்டியை ஓரங்கட்டப் போனார். நான் சட்னியை வழித்து வைத்து, எண்ணெய் காயவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். இருபது வருஷமாகக் கை செய்கிற வேலை, புத்தியைக் கேட்டா செய்கிறது? கறுப்பாக இருந்ததெல்லாம் மிளகு என்று நம்பி அந்த அம்மா சாப்பிட்டார்.

இரண்டாவது விள்ளலிலேயே உதடு வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. பையிலிருந்து, இதற்கென்றே வைத்திருந்த மருந்து ஊசியை எடுத்துத் தானே தொடையில் குத்திக்கொண்டார். என் கையில் தாளிப்புக் கரண்டி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் கையை நான் விடவில்லை.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் வீட்டுக்கே வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதை டிரைவர் தம்பி தமிழில் சொன்னார். அவர்கள் ஊரில் வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கித்தான் சூப்பே ஆரம்பிக்குமாம். ஸ்பெயின்காரர்களுக்கு வெங்காயம், பூண்டு, தக்காளி. சீனாவில் இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள். நம் தாளிப்பு மாதிரிதான், கேட்டால் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றாதாம்; சூப்பில் என்ன என்று தன் அம்மாவைக் கேட்டால் கோழி என்று மட்டும்தான் சொல்வாராம்.

"அடுப்பாண்ட நின்னு பாக்காதது தன் தப்புதானாம்க்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

இப்போது சமையலில் என்ன போட்டிருக்கிறாய் என்று யார் கேட்டாலும் தாளிப்பிலிருந்துதான் சொல்ல ஆரம்பிக்கிறேன். ஆனாலும் எண்ணெய் காயும்போதெல்லாம் "எதுலயும் இல்லபா" என்று நான் அடித்துச் சொன்னது என் காதிலேயே விழுகிறது.