அந்தப் பெண் குரல் யாருடையது?

நம் மலேசியாவின் பழைய தமிழ்ப் பாடகர்களைத் தொலைக்காட்சியில் பேட்டி காணும் நிகழ்ச்சிகளை நான் நோட்டும் பேனாவுமாகத்தான் பார்ப்பேன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். நிகழ்ச்சி ஒளியேறிய தேதி, பேட்டி கண்டவர், வந்தவர், அவர் சொன்ன ஆண்டுகள், அவற்றில் எவை தவறு என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். இப்போது ஓடுவது பதினான்காவது நோட்டு. வயதாக ஆக பாடகர்கள் ஆண்டுகளை மாற்றிச் சொல்வார்கள், அதில் குற்றமில்லை. எதிரே இருப்பவர் அதைக் கேட்டுக் கைதட்டுவதுதான் எனக்குப் பொறுக்காது.

அந்த நோட்டுகளில் அதிகப் பக்கங்கள் பிடித்தவர் ஒரே ஒருவர். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடி, ஒரே ஒரு கேசட்டால் நாடு முழுக்கத் தெரிந்தவரானவர். எழுபதைத் தாண்டிவிட்டார். இன்னமும் வெள்ளைச் சப்பாத்து, கறுப்புச் சாயம் அடித்த தலை. அந்தக் கேசட்டின் முதல் பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு பெண் குரல் வரும். வார்த்தையில்லாமல் ஒரு நீண்ட இழுப்பு, பிறகு நான்கு வரி. கல்யாண மண்டபத்தில் அந்த இடம் வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடச் சேர்ந்து பாடுவார்கள். கேசட் உறையில் அவர் படமும் அவர் பெயரும் மட்டும். மற்ற எல்லாரும் ‘குழுவினர்’.

அது தன் குரல் என்று என் அக்கா ஒரு முறை சொன்னாள். கேசட் வெளிவந்த மாதம் அது. பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்தாள். வார விடுமுறையில் அந்தக் குழுவோடு மேடை ஏறியதும் உண்மை. குரலும் அவளுடையது போலத்தான் கேட்டது. ஆனால் எதிரொலி சேர்த்துப் பதித்திருந்தார்கள், குழுவில் இன்னொரு பெண்ணும் பாடினாள். நான் தேதியைப் பார்த்தேன். பதிவு நடந்த நாளைப் பத்திரிகையில் ஒரு துணுக்காகப் போட்டிருந்தார்கள். வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மாடி. அந்த வாரம் அக்காவுக்குப் பிற்பகல் ஷிப்ட். போதாததற்கு, அந்த மாதத்தில் அவள் ஒரு மணி நேரம்கூட விடுப்பு எடுக்கவில்லை என்று தொழிற்சாலை கொடுத்த சான்றிதழ், கண்ணாடி போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது.

நான் துணுக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் சுவரைக் காட்டினேன். அக்கா சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சரி தம்பி. உனக்கு எது சரின்னு படுதோ எழுதிக்க” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

‘பெண் குரல்: குழுவினர். என் அக்காவாக இருக்கலாம்?’ என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குறி முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. அவள் கல்யாணமாகி மாசாயில் வரிசை வீடு வாங்கிப் போனபோது சான்றிதழும் கூடப் போனது. பாடிய பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் எங்காவது ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுவாள். அந்த நான்கு வரி முடிந்த பிறகுதான் பேச்சைத் தொடர்வாள். அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

பாடகர் ஏதாவது ஒரு பேட்டியில் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். ஆறு பேட்டிகள் வந்தன. ஒரு தொகுப்பாளர் கேள்வியையும் கேட்டு, பதிலையும் தானே சொல்லி, “அப்படித்தானே அண்ணே?” என்று முடிப்பார். இன்னொருவர், அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் “வாவ்” என்பார். எல்லாரும் கடைசியில் இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். பெண் குரலைப் பற்றி இரண்டு பேர் கேட்டதுண்டு. “அது ஒரு தேவதைமா” என்று அவர் சிரித்தார். அவர்கள் கைதட்டி அடுத்த கேள்விக்குப் போனார்கள். இரண்டு முறையும் நோட்டில் ‘மழுப்பல்’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். அவர் அக்காவின் பாட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்று ஒரு நாள் கோபப்படுவேன். அக்காவே பொய் சொன்னாளோ என்று இன்னொரு நாள் நினைப்பேன். இரண்டாவது நினைப்புத்தான் அதிக நாள் இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு புது நிகழ்ச்சி தொடங்கியது. பேட்டி காணும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் அட்டை இல்லை, மேசையில் இரண்டு குவளைத் தண்ணீர் மட்டும். பெருமை பேசும் கேள்வி எதுவும் கேட்கமாட்டார். அந்தச் சட்டையை யார் தைத்தார்கள், மேடைக்கு எந்தப் பக்கமாக ஏறினீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேட்பார். பதில் வந்த பிறகு பேசாமல் இருப்பார். அதுதான் அவருடைய வேலைமுறை. முதல் வாரம் தொலைக்காட்சிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: நான்கு விநாடி, ஆறு விநாடி. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் வந்தவர் மேலும் ஏதாவது சொல்வார், அதுதான் புதிதாக இருக்கும்.

ஒரு ஞாயிறு காலை அக்கா போன் செய்தாள். மாலையில் அந்தப் பாடகர் வருகிறாராம், அவள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமாம். பேட்டி நிகழ்ச்சிக்கு அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. போனபோது பலகாரம் செய்து வைத்திருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் கேட்பதற்குள், “நோட்டு கொண்டாந்தியா?” என்றாள்.

பாதி நிகழ்ச்சி வழக்கம் போல்தான். பிறகு அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் பாட்டை ஓட விட்டார். அந்த இழுப்பும் நான்கு வரியும் மட்டும்.

“இந்த எடம் பாடுறப்ப நீங்க எங்க நின்னீங்க?” என்று கேட்டார்.

பாடகர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். “மைக் ஒண்ணுதான்மா. நான் தள்ளி, கதவு ஓரமா நின்னேன்.”

அந்தப் பெண் பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு விநாடி.

“அந்தப் பொண்ணு கம்பெனி யூனிபார்மோட நின்னுச்சு” என்றார் அவர். அடுத்து என் அக்காவின் பெயரைச் சொன்னார். அப்பா பெயரோடு சேர்த்து, மாசாய் என்று ஊரையும் சொன்னார்.

மீதியை அவரே நிதானமாகச் சொன்னார். அன்று அக்காவுக்கு வேலை. விடுப்புக் கேட்டாள், கிடைக்கவில்லை. வேலை வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் மலாய்க்காரத் தோழி, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினாள். அக்காவின் பஞ்ச் கார்டையும் அவளே அடித்தாள், உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. அக்கா எங்கே என்று கேட்டவர்களிடம் பக்கத்து லைனில் ஆள் போதாமல் அனுப்பியிருப்பதாகச் சமாளித்தாள். வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். “பேரு போடவேணாம், யார் கேட்டாலும் சொல்லவேணாம்னு சத்தியம் வாங்கிருச்சு. அந்தத் தோழி அதே கம்பெனியிலதான் கடைசிவரைக்கும் இருந்தாங்க. இப்பத்தான் ரிட்டையர் ஆனாங்க.”

பேட்டி கண்ட பெண் அப்போதும் கைதட்டவில்லை. பாடகரின் குவளையில் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான். நான் பார்த்த பேட்டிகளிலேயே மிக நல்ல பேட்டி அது.

விளம்பரம் வந்ததும் நான் சுவரைப் பார்த்தேன். சான்றிதழ் அங்கேதான் தொங்கியது. இல்லாத நாளுக்கும் சேர்த்து முழு வருகை.

“என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல அக்கா?”

“ஒன்கிட்டயா? நீ தேதி போட்டு, நேரம் போட்டு, பேப்பருக்கு அனுப்பியிருப்ப லா.”

உண்மைதான். அனுப்பியிருப்பேன். அந்தத் தோழி பின்னாளில் சூப்பர்வைசரானதையும், பஞ்ச் கார்ட் விஷயத்தில் அவளைப் போலக் கண்டிப்பானவள் யாரும் இல்லை என்று பெயர் வாங்கியதையும் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தோழி ஓய்வு பெற்ற வாரமே அக்கா பாடகருக்குப் போன் செய்து, இனிமேல் சொல்லலாம் என்றிருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாளாம்: “யாராச்சும் ஒழுங்கா கேட்டா மட்டும் சொல்லுங்க.” அதற்குப் பிறகு வந்த முதல் பேட்டி இதுதான்.

சான்றிதழைக் கழற்றிவிடலாமா என்றேன். அவள் முறைத்தாள். “அது அவ எனக்கு வாங்கிக் குடுத்ததுடா. இருக்கட்டும்.”

இரண்டு நிமிடத்தில் அந்தத் தோழியே போன் செய்தாள். மலாயும் தமிழுமாக இருவரும் பேசியது எனக்கு முழுதாக விளங்கவில்லை. சான்றிதழில் பாதி தனக்குச் சேரவேண்டும் என்று அந்தப் பக்கம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

நான் பழைய நோட்டைத்தான் கொண்டு போயிருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைப் பிரித்து, ‘குழுவினர்’ என்பதை அடித்தேன், ‘வாக இருக்கலாம்’ என்பதை அடித்தேன், கேள்விக்குறியை அடித்தேன். மிஞ்சியது ‘பெண் குரல்: என் அக்கா’. ஓரத்தில், தேதி சரி, சான்றிதழ் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா போனை வைத்துவிட்டு வந்து படித்தாள். அன்று ஜொகூர் பாருவுக்கு எந்த பஸ்ஸில் போனாய் என்று மட்டும் கேட்டேன். பிறகு அந்தத் தொலைக்காட்சிப் பெண்ணைப் போலவே வாயை மூடிக்கொண்டேன். அவள் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.