பிளாப்பி இல்லாமல் ஓடிய பத்து கம்ப்யூட்டர்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டரில் செருகும் பிளாப்பித் தட்டு இரண்டு காணாமல் போனபோது என்னைத்தான் முதலில் கேட்டார்கள். இன்னொன்று தொலைந்தால் என் வேலை போய்விடும் என்றார்கள்.

அதனால் புதிதாக வந்த மெக்கானிக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்பு வந்தவர்கள் ஓட வைக்க ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிளாப்பியை மாற்றி மாற்றிப் போடுவார்கள். இவரோ ஓரத்தில் இருந்த ஒன்றில் எதையோ தட்டினார். அதோடு ஒயரால் இணைத்திருந்த மற்ற பத்தும் பிளாப்பி இல்லாமல் தானாக ஓடின. உடனே பையோடு கிளம்பினார். பேசவே கூசுகிற நான், விளக்குமாற்றோடு வாசலை மறித்தேன்.

"ஏனுங்க, ஒயர் வழியா என்னத்த எடுக்கறீங்க?"

"எடுக்கலீங்கக்கா, அதுகளுக்குக் குடுக்கறேன்."

ஒரு ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் நின்றது.

"பையத் தெறங்க."

"தயிர்ச்சோறுங்க. இத ஒயர்ல அனுப்ப இன்னும் வழி வரலீங்க."

பிறகு வந்த முதலாளி, இனி பிளாப்பியே வேண்டாம் என்றார். தொலைய ஒன்றுமில்லை என்று எனக்கு நிம்மதி. ஆனாலும் அந்த ஒயர் கொடுக்க மட்டும்தான் செய்ததா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.