கனகா பெஞ்சில் உட்கார்ந்த கதை

கதவு தட்டுவதுதான் என் பிழைப்பு. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக அலையும் டீச்சர் நான். வகுப்பும் கிடையாது, கரும்பலகையும் கிடையாது. சிலிண்டர் போடுகிறவர்களே, மீட்டர் ரீடிங் எடுக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

தண்ணீர் கேட்பது

வேலைக்குப் பிள்ளை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? குடிக்கத் தண்ணீர் கேட்பேன். பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். உள்ளே பார்த்து ஒரு குரல், அவ்வளவுதான். தஞ்சாவூரில் ஒரு வீட்டில் அப்படித்தான் சொம்போடு வந்தாள் கனகா. பதினோரு வயது. வேதாரண்யம் பக்கம். மூன்றாம் வகுப்போடு நின்றவள். வீட்டம்மா பெற்ற பெண் அந்நேரம் பள்ளிக்கூடம் போயிருந்தாள். எந்த ஸ்கூலும்மா என்று கனகாவைத்தான் கேட்டேன். வீட்டம்மா முந்திக்கொண்டார்.

“எங்க பொண்ணு மாதிரிதாங்க வச்சிருக்கோம்.”

வேதாரண்யம் பஸ்

அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவ்வளவு தூரமும் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. உப்பளத்து வெயிலில் நின்றபடியே, உண்டு உறைவிடப் பள்ளி, சோறு, துணி, புத்தகம் எல்லாம் இலவசம் என்று ஒப்பித்தேன். அந்த அம்மா எதற்கும் அசையவில்லை. புயலில் போன வீட்டுக்கதவை இன்னும் மாட்டவில்லையாம். வயசுக்கு வரப்போகிற பெண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தஞ்சாவூரில் விட்டாராம். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்த ஸ்கூல்ல ராத்திரி கதவு பூட்டுவாங்களா டீச்சர்?”

பெஞ்ச்

பூட்டுவார்கள் என்றேன். அவரே என்னோடு வந்து மகளை அழைத்துக்கொண்டார். வீட்டம்மா அழுதார், நிஜ அழுகைதான், அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. வயதைப் பார்த்து ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். ஒரு வாரம் கழித்துப் போனால் கனகா சுவரோரம் நிற்கிறாள். பெஞ்சில் உட்காரவைத்தால் நழுவித் தரைக்கு வந்துவிடுகிறாளாம். சாப்பிட்டதும் எல்லோர் தட்டையும் கழுவப் பொறுக்கிக்கொண்டு போகிறாளாம். வகுப்பு டீச்சர் பொறுமைசாலி.

“எழுத்து அப்புறங்க, முதல்ல உக்காரக் கத்துக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு என் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். முறுக்குப் பொட்டலத்தோடு கனகாவைப் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது. போன வாரம் தோழிகள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு பக்கம் தடங்கலில்லாமல் வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட் வரை வந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்.

“இனிமே வராதீங்க டீச்சர். நீங்க வந்தா, எந்த வீட்டுல வேலை செஞ்சேன்னு எல்லாரும் கேக்குறாங்க.”

பஸ்ஸில் அழுதேன், மறைப்பானேன். வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தால் நம்மை வேண்டாம் என்று சொல்லும் உத்தியோகம் இது ஒன்றுதான்.