தெரியாதவரே பேச வேண்டும் என்ற அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று அக்கா மகன் சொன்னான். எட்டாவதோடு ஒர்க்ஷாப்புக்குப் போனவன் நான். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வேலைக்கு வந்தவர். அக்கா பத்தாவது வரை படித்தார். கல்யாணமாகி மாரெட்பள்ளிக்குப் போனார். மகன் சின்னவனாக இருக்கும்போதே மாமா காலமாகிவிட்டார். அக்கா துணி தைத்துக் கொடுத்து அவனைப் படிக்க வைத்தார். அழுது நான் பார்த்ததில்லை.

மகன் வேலைக்குப் போன பிறகு அக்கா தெருப் பெண்களைச் சேர்த்து மாதர் கல்வி மன்றம் தொடங்கினார். மாதம் ஒரு கூட்டம். கோயில் பக்கத்து ஹாலில் நாற்காலி போடுவது என் வேலை. அதனால் எல்லாக் கூட்டமும் கேட்டிருக்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு ஒரு வக்கீல் அம்மாவை அழைத்தார்கள். உயில் எழுதுவது பற்றி நன்றாகப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் காய்கறி வண்டி அருகே அக்கா ஒருத்தியை நிறுத்தி, "நேத்து என்னடி சொன்னாங்க?" என்று கேட்டார். "நல்லா பேசுனாங்கக்கா" என்றாள் அவள். வேறு ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கே அக்கா விதி போட்டார். வெளியாள் வேண்டாம். எந்த விஷயமோ, அதில் யாருக்கு ஒன்றும் தெரியாதோ அவளே ஒரு மாதம் விசாரித்து வந்து பேச வேண்டும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேஸ் சிலிண்டர் மாற்றப் பயந்தவள் மேடையில் மாற்றிக் காட்டினாள். ஏடிஎம் பக்கமே போகாதவள் ஏடிஎம் பற்றிப் பேசினாள். கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற ஒரு மாமி கிரகணம் பற்றிப் பேசினார். ஆரஞ்சுப் பழம், எலுமிச்சம்பழம், டார்ச் லைட் கொண்டுவந்திருந்தார். அடுத்த கிரகணத்துக்கு மாமி கதவைத் திறந்து வைத்தார். ஆனாலும் குளித்தார்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. வீட்டு வேலை செய்கிற பெண்களின் மகள்களுக்குச் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பாடம். அதில் படித்த ஒரு பெண் இன்று நர்ஸ்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா, "ஆட்டோ நிக்குது" என்று எழுந்து வந்துவிட்டார்.

மகன் கெஞ்சினான். "அம்மா, எனக்காகம்மா."

"நக்கோ, வேணாம். ஒரு தடவ ஏறினா அந்தப் படுக்கையிலதான் காலம் போகும். என்னை விட்டுடு."

நான் சொன்னேன். எனக்கும் அதே பதில். முகம் வீங்கிக்கொண்டே வந்தது. மன்றத்துச் செயலாளர் ரிட்டயர்டான டீச்சர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

அந்த மாதக் கூட்டத்தில் டீச்சர் எழுந்தார். "அடுத்த மாச விஷயம் டயாலிசிஸ். யாருக்கு ஒண்ணும் தெரியாது?"

சரோஜா முந்திக்கொண்டாள். "எங்க மாமனாருக்கு நடந்துச்சு. எனக்குத் தெரியும். நான் இல்ல."

"அப்போ அக்கா, நீங்கதான் பேசணும்" என்றார் டீச்சர்.

"எனக்கு வந்த நோய் எனக்கா தெரியாது?"

"டாக்டர் சொல்லச் சொல்ல எழுந்து வந்துட்டீங்களாமே. கேக்காதவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா சபையைப் பார்த்தார். "எல்லாரும் சேந்து சதி பண்றீங்களாடி?"

"ஹவ் அக்கா, ஆமா" என்றாள் சரோஜா. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். நான் நாற்காலியை நேராகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் போட்ட விதி. மாட்டேன் என்று சொல்லவில்லை.

மறுநாளே அக்காவை ஹப்சிகுடாவில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு படுக்கையாக நின்று கேட்டார். வலிக்குமா, சாப்பிடலாமா, வேலைக்குப் போகலாமா. பஞ்சர் கடை பாய் ஒருவர் படுத்திருந்தார். "கைக்கு டர்ரே அம்மா?" என்று சிரித்தார். ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறார். முடிந்ததும் நேரே கடையைத் திறக்கப் போகிறாராம். அக்கா வெளியே வந்து ஆட்டோ வரை நடந்தார். மறுபடியும் உள்ளே போய் நர்ஸிடம் இன்னும் கேட்டார்.

கூட்டத்தன்று ஹால் நிறைந்துவிட்டது. அக்கா டீ வடிகட்டியைத் தூக்கிக் காட்டினார். "உள்ள இருக்கறது இது மாதிரி. அடைச்சுக்கிச்சு. அதனால ரத்தத்த வெளிய எடுத்து, மிஷின்ல வடிச்சு, திரும்ப உள்ள விடறாங்க. ஊசி குத்தும்போது வலி. அப்புறம் கதை பேசிட்டுப் படுத்திருக்கலாம்."

பேசி முடித்தார். டீச்சர் கேட்டார், "நீங்க எப்போ போறீங்க அக்கா?"

கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அக்கா தண்ணீர் குடித்தார்.

"திங்கக்கிழம."

போனார். பிறகு சில ஆண்டுகள் இருந்தார். ஊசி போட்ட கையோடு தமிழ் வகுப்பு எடுத்தார். தெலுங்கிலேயே பதில் சொல்கிற பேத்தி அவரிடம் தமிழ் படிக்கக் கற்றாள். சென்டரில் புதிதாக வந்து பயப்படுகிறவர்களை நர்ஸ்கள் அக்காவின் பக்கத்துப் படுக்கையில் போடுவார்களாம். கடைசியில் இதயம் தளர்ந்தது. ஒரு நாள் காலை காபி கேட்டார். கொண்டு வருவதற்குள் போய்விட்டார். கஷ்டப்படவில்லை.

எங்களோடு நின்ற எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். சென்டர் நர்ஸ்களுக்கு, காத்திருந்து கூட்டிவந்த ஆட்டோ யாதகிரிக்கு, வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய சரோஜாவுக்கு, மன்றத்துப் பெண்களுக்கு.

டீச்சருக்கு நேரில் நன்றி சொல்லிப் பார்த்தேன். "விதி அவங்க போட்டது தம்பி" என்று உள்ளே போய்விட்டார். அச்சில் வந்தால் தடுக்க முடியாது. டீச்சர், அக்கா எங்களோடு கூடுதலாக இருந்த ஆண்டுகள் நீங்கள் கொடுத்தவை.

இப்படிக்கு,
தம்பி