பதினொரு ரிஜெக்ட்

போன வாரம் ஒருவரின் ஒரு வருட உழைப்பை முக்கால் மணி நேரத்தில் காலி செய்யப் பார்த்தேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை... பழக்கதோஷம்!

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி ஆசாமி; செய்த பாகத்தைச் சோதித்து, தேறாததற்கு 'ரிஜெக்ட்' போடுவது என் வேலை. மெயின்டனன்ஸில் இருக்கும் வசந்தி, சேரப்பணஞ்சேரிக்காரர். லீவு நாட்களில் உட்கார்ந்து ஒரு தேடும் கருவி எழுதியிருக்கிறார். ஐகான், மவுஸ் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், கம்ப்யூட்டரில் உள்ள அத்தனை ஃபைலையும் துழாவி, வேண்டிய வார்த்தை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். ஓப்பன் சோர்ஸ் வேறு - நெட்டில் போட்டிருக்கிறார்; யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

"சார், நீங்கதான் மொதல்ல யூஸ் பண்றீங்க. எப்டி கீதுன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதினேன். பதினொரு குறை! தமிழில் ஃபைல் பெயர் இருந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது. பாதியில் நிறுத்தினால் நிற்பதில்லை. ஹெல்ப் கேட்டால் மூன்று பக்கம் பேசுகிறது... ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ரிஜெக்ட்'. அனுப்பிவிட்டு திருப்தியாக டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் கேன்டீனில் வசந்தி என் முகத்தையே பார்க்கவில்லை. நானே போய்க் கேட்டேன்.

"நெட்ல இருந்து அத்த தூக்கிர்லாம்னு கீறேன் சார். நாலு பேர் பாத்து சிரிக்கிறதுக்கு முன்னாடி..."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"இன்னா சார் நல்லா கீது? பதினொண்ணு ரிஜெக்ட்டு போட்டுக்கினு!"

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் லைனில் நல்ல பார்ட்டை யார் பாராட்டுகிறார்கள்? அது பாட்டுக்கு அடுத்த மெஷினுக்குப் போய்விடும். வாயைத் திறந்தால் குறை சொல்லத்தான். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் இதே சட்டம்தானோ?

உண்மை என்ன தெரியுமா? மூன்று நாளாக நான் தேடிய பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டை அந்தக் கருவி கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுத்தது. பிரின்ட் எடுத்துக்கொண்டு, குறை தேடப் போய்விட்டேன்! வெட்கமாக இருந்தது.

அதை வசந்தியிடம் சொன்னேன். "சும்மா சொல்றீங்க" என்றார். என் சீட்டுக்கு அழைத்துப் போனேன். கறுப்புத் திரையில் மேல் அம்புக்குறியை அழுத்தினால், முன்பு தட்டிய வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அழுத்தினேன். வசந்தியின் கருவி. மறுபடி அழுத்தினேன். அதே கருவி. இன்னொரு முறை... அதே!

வசந்தி சிரித்துவிட்டார். "காலைலேர்ந்து இத்தினி வாட்டியா?"

"தூக்கிடாதீங்க. என் வேலை நின்னுடும்."

"சரி சார். மொதல்ல அந்த தமிழ் ஃபைல் மேட்டரை முடிக்கிறேன். நீங்க இதையும் பன்னெண்டாவதா எழுதிக் குடுங்க."

எழுதினேன்: 'தினமும் பயன்படுத்துகிறேன். இது இல்லாமல் முடியாது.'

எதிரே, கை தானாக 'ரிஜெக்ட்' என்று தட்டியது... நல்லவேளை, அனுப்புவதற்குள் பார்த்துவிட்டேன்!