இன்னும் எத்தனை வருஷம் கேரளா?

போன ஞாயிற்றுக்கிழமை, மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கல். வீட்டுக்கு ஓர் அடுப்பு. அந்த வீட்டு மருமகள்தான் பானை ஏற்ற வேண்டும்.

என் மருமகள் ஸ்ரீஜாவுக்குப் பிறந்த ஊர் பாலக்காடு. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாகி, புரோக்கரோடு கேரளாவுக்குக் கார் எடுத்த கதை உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமாகி நாலு வருஷம். இப்போது என்னைவிட அதிகமாக 'ங்க' போட்டுப் பேசுகிறாள்!

போன வருஷம் அவள் பானை பொங்கியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க, எங்க கேரளாப் பொண்ணு எவ்வளவு லட்சணமா வெச்சிருக்கு!" என்று கூவினேன். பாராட்டுதானே?

திரும்பும்போது காரில் கேட்டாள்: "அத்தை... இன்னும் எத்தனை வருஷத்துக்குங்க நான் கேரளாப் பொண்ணு?"

சுருக்கென்றது.

என்னோடு சேலத்தில் பேங்கில் வேலை பார்த்த ரெபேக்கா மும்பைக்காரி, யூதப் பெண். அவளிடம் போனில் புலம்பினேன். வெளியிலிருந்து வந்து யூதர்களோடு சேர்ந்தவரிடம் அவருடைய பழசைச் சொல்லிக் காட்டக்கூடாதாம். நாகரிகத்துக்காக இல்லை... அவர்கள் மதத்தில் அது பாவமாம். அவர்கள் வேதத்தில் வரும் மகாராஜா ஒருவரின் கொள்ளுப்பாட்டியே வேற்று நாட்டிலிருந்து வந்த மருமகள்தானாம்.

"நான் பாராட்டத்தானே செஞ்சேன்?" என்றேன்.

"பாராட்டி, வாசல்லயே நிக்க வெச்சுட்டே" என்றாள், கடன்காரி. அன்றைக்கே முடிவு செய்தேன். ஸ்ரீஜா தன் ஊரைச் சொல்லிக்கொள்ளலாம்; நான் சொல்லிக் காட்டக்கூடாது. யாரையும் சொல்ல விடவும் கூடாது.

இந்த வருஷம் சோதனை உடனே வந்தது. அடுப்பு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பங்காளி, என் கொழுந்தன் முறை, மெதுவாக வந்தார்.

"ஏனுங்க அண்ணி, கேரளாப் பொண்ணு பானைய மட்டும் கடைசில வெச்சுக்கலாமுங்களா? சனம் ஒரு மாதிரி பேசுது..."

"எங்க ஊட்டுக்கு எப்பவும் மூணாவது அடுப்புங்க."

"அதில்லீங்க, கேரளா—"

"எங்க ஊட்டுல கேரளாக்காரங்க யாருமில்லீங்க தம்பி. மருமகதான் இருக்கா. அவ பானைய நகத்தணும்னா மொதல்ல என்னைய நகத்துங்க!"

மூன்றாவது அடுப்புக்குப் பக்கத்திலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ! அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். ஸ்ரீஜா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பால் பொங்கியபோது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. புகை என்றாள், நானும் நம்பினேன்.

பக்கத்து அடுப்பிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "உனக்கு எந்த ஊரு சாமி?"

ஸ்ரீஜா என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"மூணாவது அடுப்புங்க."